ஆங்கிலம் கேட்டால் பிடிபடவில்லை, படித்தால் ஏறவில்லை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

இராமேஸ்வரத்தில் கைடு வேலை, கீழக்கரையிலிருந்து துபாய், தொண்டியிலிருந்து கப்பல் வேலை, இராமநாதபுரத்தில் உட்கார்ந்து ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாரிப்பு. எதற்காகப் படித்தாலும் புகார் ஒன்றுதான்: "இங்கிலீஷ் கேட்டாப் புரியல." அதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "நிறையக் கேளுங்க, பழகிடும்." பெரும்பாலும் பழகுவதில்லை. புரியாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமல் மணிக்கணக்கில் இயர்போன் மாட்டிக்கொண்டிருந்தால் சத்தம்தான் பழகும், பேச்சு பழகாது.

எதையும் தொடங்கும் முன் ஒரு சோதனை

எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஒலிப்பதிவு ஒன்று வேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இதற்குப் பொருத்தம். ஆறு நிமிட உரையாடல், முழு வசனமும் அவர்களுடைய தளத்திலேயே இருக்கும். அதில் 30 விநாடி மட்டும் எடுங்கள். சராசரிப் பேச்சு வேகத்தில் அது 75 சொல் அளவுக்கு வரும். ஒருமுறை நிறுத்தாமல் கேளுங்கள். அடுத்து வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஒரு வாக்கியத்தை மூன்று முறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். பிடிபடாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

பிறகு வசனத்தைப் பக்கத்தில் வைத்து, விட்டுப்போன ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எழுத்து போடுங்கள். பார்த்ததும் 'அட, இதுதானா' என்று தோன்றினால் 'கா': அது காதுக் கோளாறு. சொல்லே புதிது என்றால் 'சொ'. எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை என்றால் 'வா'. எந்த எழுத்து அதிகமோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 'சொ'வும் 'வா'வும் அதிகம் என்றால் கேட்கும் பயிற்சியைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டிவிட்டுக் கீழே உள்ள வாசிப்புப் பகுதிக்குப் போங்கள். கண்ணால் பார்த்தே புரியாததைக் காது மட்டும் எப்படிப் புரிந்துகொள்ளும்?

"எழுத்துல பாத்தா எல்லாம் தெரிஞ்ச வார்த்தை, கேக்குறப்ப ஒண்ணும் பிடிபடல"

நம் பக்கத்தில் அதிகம் காணும் கோளாறு இதுதான். பள்ளியில் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தோம், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும் என்று காது எதிர்பார்க்கிறது. பேச்சில் அவை தனித்து நிற்பதில்லை. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் பாம்பன் கடைத்தெருவுக்கு வரும் வெளியூர்க்காரர், 'என்னா செஞ்சுக்கிட்ருக்க' என்று கேட்டால் முழிப்பது போலத்தான் இதுவும்.

ஆங்கிலத்தில் கருத்துச் சொற்களுக்கு அழுத்தம் விழும், இணைப்புச் சொற்கள் நசுங்கும். 'டு' வெறும் 'ட' ஆகிவிடும், 'ஆஃப்' 'அவ்' ஆகும், 'அண்ட்' என்பதில் 'ன்' மட்டும் மிஞ்சும். 'ஹிம்', 'ஹெர்' இரண்டிலும் முதல் எழுத்து விழுந்துவிடும்: 'டெல் ஹிம்' என்பது 'டெலிம்', 'கிவ் ஹெர்' என்பது 'கிவர்'. 'டிட் யூ' 'டிஜு' ஆகிறது, 'ஷுட் ஹேவ்' 'ஷுடவ்' ஆகிறது. அமெரிக்கர் வாயில் 'வாட்டர்' 'வாடர்' என்றுதான் வரும்.

தனுஷ்கோடி பார்க்க வரும் பயணி ஆட்டோக்காரரிடம் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 'ஹவ் லாங் டஸ் இட் டேக் டு கெட் தேர் அண்ட் பேக்'. காதில் விழுவது 'ஹவ்லாங்ஸிட் டேக் டகெட் தேரன்பேக்'. இதில் 'டஸ் இட்' காணாமல் போவதால் 'ஹவ் லாங்' மட்டும் தனியாகப் பிடிபடும். உடனே 'எவ்வளவு நீளம்' என்று எடுத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கைச் சொல்வார்கள். அவர் கேட்டதோ நேரம், அதுவும் போய்த் திரும்பும் நேரம். 'டேக்' என்ற சொல்லைப் பிடித்திருந்தால் போதும், அது நேரம் என்பது தெரிந்திருக்கும்.

பயிற்சி முறை: சோதனையில் 'கா' போட்ட இடங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடித் துண்டுதான் இருக்கும். விஎல்சி செயலியில் ஏ-பி ரிப்பீட் என்று ஒரு வசதி உண்டு. துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அது மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். முதலில் வசனத்தைப் பார்த்தபடி ஐந்து முறை, அடுத்துப் பார்க்காமல் ஐந்து முறை. கடைசியாக அதே வேகத்தில், அதே நசுக்கலோடு நீங்களும் கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தாலும் இந்தக் கடைசிப் படியை விடக் கூடாது. தன் வாயால் நசுக்கிச் சொல்லிப் பழகிய ஒலியைக் காது சீக்கிரம் அடையாளம் காணும். ஒரு நாளைக்கு ஐந்தாறு துண்டு, இருபது நிமிடம். அதற்கு மேல் காது களைத்துவிடும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது இந்தக் கோளாறுக்கு அரை மருந்துதான். யூடியூபில் 0.75 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டு, நீங்கள் பழக வேண்டிய நசுக்கலே உருமாறிவிடும். குறைத்த வேகத்தில் இரண்டு முறை, முழு வேகத்தில் நான்கு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிப்பது எப்போதும் முழு வேகத்தில்.

இரண்டு தனிச் சிக்கல்கள். ஒன்று, 'கேன்' என்றாரா 'கேன்ட்' என்றாரா என்ற குழப்பம். கடைசி 'ட்' பெரும்பாலும் விழுங்கப்படும், அதைத் தேடாதீர்கள். 'முடியும்' என்றால் அந்தச் சொல் 'க்கன்' என்று சுருங்கி, அழுத்தம் அடுத்த வினைச்சொல்லில் விழும். 'முடியாது' என்றால் 'கேன்' முழுசாக, அழுத்தமாக ஒலிக்கும். பிரிட்டிஷ்காரர் என்றால் 'கான்ட்' என்று நெடிலாக வரும், அங்கே குழப்பம் குறைவு.

இன்னொன்று, முதுகைக் குறிக்கும் 'பேக்', பையைக் குறிக்கும் 'பேக்'. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம், வல்லினத்தின் இரண்டு ஒலிகளையும் வேறு வேறாக எண்ணிப் பழக்கமில்லை. கடைசி மெய்யைக் கேட்க முயல வேண்டாம், அதற்கு முந்தைய உயிரைக் கவனியுங்கள். பை என்ற பொருளில் வரும் சொல்லில் உயிர் சற்று நீளும், முதுகில் சட்டென்று வெட்டுப்படும். இருக்கையைக் குறிக்கும் 'சீட்', விதையைக் குறிக்கும் 'சீட்' இரண்டுக்கும் இதே விதி: விதையில் உயிர் நீளம்.

"பேச்சு ஓரளவு புரியுது, நம்பர் வந்தா தப்பாப் போயிடுது"

முதல் குற்றவாளி பதின்மூன்று, முப்பது வகையறா. 'தர்டீன்' என்பதில் இரண்டாம் பாதியும் நீளும், கடைசியில் 'ன்' இருக்கும். 'தர்டி'யில் முதல் பாதியில் அழுத்தம், பின்பாதி குட்டை. ஆனால் 'ஃபிஃப்டீன் போட்ஸ்' என்று பின்னால் ஒரு பெயர் வந்தால் அழுத்தம் முன்பாதிக்கு நகர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது அந்த 'ன்' ஒன்றுதான். ஐயம் இருந்தால் திருப்பிக் கேளுங்கள்: 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?' பணம் பேசும் இடத்தில் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை.

'ஒன் ஃபிஃப்டி' என்றால் 150, 'ஃபிஃப்டீன் ஹண்ட்ரட்' என்றால் 1,500. 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்றால் 5.45. போன் எண்ணில் 'ஓ' என்றால் பூஜ்யம். ஒரு மில்லியன் பத்து லட்சம். அமெரிக்கர் தேதி எழுதினால் மாதம்தான் முதலில் நிற்கும்.

பயிற்சிக்கு இராமேஸ்வரம் ரயில் நிலைய அறிவிப்பைவிட மலிவான இடம் கிடையாது. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஒரே செய்தி. ஆங்கில அறிவிப்பில் வண்டி எண், நேரம், நடைமேடை மூன்றையும் குறித்துக்கொண்டு, தமிழ் அறிவிப்பில் சரிபார்க்கலாம். தமிழ் முந்திக்கொண்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். பதிவுக் குரல் சேது எக்ஸ்பிரஸின் 22662 என்ற எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும். அதையே ஒரு மனிதர் சொன்னால் 'டபுள் டூ, டபுள் சிக்ஸ், டூ' என்பார். இரண்டுக்கும் காது பழக வேண்டும்.

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புத் தொடர்களில் எண்களை இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும்: 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஸீரோ'. கேட்கவில்லை என்றால் 'ஸே அகெய்ன்'. வாக்கியத்தின் தலையிலேயே 'வார்னிங்', 'கொஸ்டின்', 'அட்வைஸ்' என்று வகையைச் சொல்லும் முறையும் அதில் உண்டு. அந்தத் தலைச்சொல் காதில் விழுந்தால் பின்னால் வருவதில் பாதியை ஊகித்துவிடலாம்.

"மொதல் வரி புரியுது, அடுத்தது தப்பிச்சிடுது"

தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே கேட்கிறீர்கள். முதல் வரியைப் பெயர்த்து முடிப்பதற்குள் பேசுகிறவர் மூன்றாவது வரிக்குப் போய்விடுவார். இதற்கு மொழிபெயர்ப்புக்கு நேரமே கிடைக்காதபடி ஒரு வேலை கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடப் பதிவை நிறுத்தாமல் ஓட்டி, காதில் பட்ட கருத்துச் சொற்களை மட்டும் கிறுக்குங்கள், பத்துப் பன்னிரண்டு போதும். முடிந்ததும் அந்தச் சொற்களை வைத்துக் கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பதிவு நீங்கள் எளிதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் தரத்துக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். கடினமான பதிவில் இந்தப் பயிற்சி வெறும் தண்டனை.

"கீழ எழுத்து ஓடுனா புரியுது, எடுத்துட்டா போச்சு"

கேப்ஷன் இருந்தால் கண்தான் வேலை செய்யும், காது தூங்கும். கேப்ஷனே கூடாது என்பதில்லை, வரிசைதான் முக்கியம்: முதல் தடவை இல்லாமல், இரண்டாம் தடவை ஆங்கிலக் கேப்ஷனோடு, மூன்றாம் தடவை மறுபடி இல்லாமல். தமிழ்க் கேப்ஷன் கேட்கும் பயிற்சிக்கு உதவாது. யூடியூபில் 'ஆட்டோ ஜெனரேட்டட்' என்று குறித்திருப்பது இயந்திரம் எழுதியது, ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அதில் சின்னாபின்னமாகும். அதை வைத்து உங்கள் காதைத் திருத்தாதீர்கள்.

"வீடியோல புரியுது, போன்ல புரியல"

பாதிக் குற்றம் போன் மேல். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். 'ஸ்', 'ஃப்' ஒலிகளின் அடையாளம் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் போனில் எஸ் எழுத்தும் எஃப் எழுத்தும் ஒன்றாகவே கேட்கும், ஆங்கிலேயருக்கும் அப்படித்தான். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது 'எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட், எஸ் ஃபார் சியர்ரா' என்ற முறையைக் கேட்கவும் சொல்லவும் பழகுங்கள். போன் நேர்காணல் இருந்தால் கடற்கரைக் காற்றில் நின்று பேசாமல், கதவடைத்த அறையில் ஒயர் இயர்போனோடு உட்காருங்கள்.

உச்சரிப்பு வேறுபாடு தனி விஷயம். வளைகுடாவில் மேலதிகாரி பிலிப்பைன்ஸ்காரராகவோ பாகிஸ்தானியாகவோ அரபியராகவோ இருக்கலாம். பிபிசி குரலை மட்டுமே கேட்டுப் பழகியவர் அங்கே முதல் மாதம் திணறுவார். போகும் நாடு தெரிந்தால், அந்தந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும் வீடியோக்களைக் கிளம்புவதற்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள்.

"வார்த்தை எல்லாம் தெரியுது, வாக்கியம் புரியல"

இனி வாசிப்பு. தமிழில் விளக்கம் முதலில் வரும், பெயர் பின்னால் வரும்: 'போன வருஷம் தொண்டிக்காரரிடம் வாங்கிய படகு'. ஆங்கிலத்தில் படகு முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் தொங்கும். நம் கண் கடைசிவரை போய்த் திரும்பி வந்து பெயரோடு ஒட்டப் பார்க்கும். ஒவ்வொரு வாக்கியத்திலும் இப்படித் திரும்பினால் வேகமும் போகும், தொடர்ச்சியும் போகும். திரும்பாதீர்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு 'எந்தப் படகு?' என்று கேட்டபடி முன்னே போங்கள், அடுத்து வரும் சொற்கள் அதற்குப் பதில் சொல்லும். அப்படியும் சிக்கினால் பென்சிலால் இடைச்செருகலை அடைப்புக்குறிக்குள் போட்டு, முதல் பெயருக்கு உரிய வினைச்சொல்லைத் தேடுங்கள்.

பயிற்சிக்கு வானிலை அறிக்கையை எடுங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது, விடைத்தாள் கையிலேயே இருக்கிறது. மீனவர் எச்சரிக்கையில் அடிக்கடி வரும் அச்சு வாக்கியம் இப்படி இருக்கும்: 'ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 45 டு 55 கேஎம்பிஎச் கஸ்டிங் டு 65 கேஎம்பிஎச் லைக்லி டு ப்ரிவேல் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார் அண்ட் அட்ஜாய்னிங் கொமொரின் ஏரியா.' 'வித்' தொடங்கி 65 வரை இடைச்செருகல். அதை மறைத்தால் மிஞ்சுவது 'சூறாவளிக் காற்று வீசக்கூடும், மன்னார் வளைகுடாவிலும் அதை ஒட்டிய குமரிக்கடலிலும்' என்பதுதான். தமிழ் அறிக்கையில் 'இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று இருப்பதைப் பார்த்தால் 'கஸ்டிங் டு' என்னவென்று டிக்ஷனரி இல்லாமலே விளங்கும்.

இதே அறிக்கையில் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். 'அலாங்' என்றால் கரையோரமாக, 'ஆஃப்' என்று இரண்டு எஃப் போட்டு வந்தால் கரைக்கு அப்பால், கடலில். 'ஐசொலேட்டட் ப்ளேசஸ்' என்பதைக் கொரோனா காலத்து நினைவில் 'தனிமைப்படுத்தப்பட்ட' என்று படிக்கிறவர்கள் உண்டு. அங்கே அது 'ஓரிரு இடங்களில்', அதாவது மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை. 'ஸ்கேட்டர்ட்' என்றால் 26 முதல் 50 வரை. (பயிற்சி பயிற்சியாக இருக்கட்டும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தமிழ் அறிக்கையையே பாருங்கள்.)

செய்தித் தலைப்பு இன்னொரு வகை. அங்கே 'ஆர்', 'வேர்' எல்லாம் உதிர்ந்துவிடும். 'ஃபிஷர்மென் ஹெல்ட் ஆஃப் தனுஷ்கோடி' என்றால் மீனவர்கள் யாரையும் பிடிக்கவில்லை, பிடிபட்டவர்கள் அவர்கள்தான். 'ஃபிஷர்மென் டு ஸ்ட்ரைக்' என்றால் இனிமேல்தான் வேலைநிறுத்தம். நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் நடந்து முடிந்தது.

வேலை ஒப்பந்தம் படிக்கிறவர்கள் நான்கு சொற்களை வட்டமிட்டுவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்: 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'சப்ஜெக்ட் டு', 'எக்ஸ்க்ளூசிவ் ஆஃப்'. வாக்கியத்தைத் தலைகீழாக்குவது இவைதான். 'ஷேல் பி போர்ன் பை த எம்ப்ளாயீ' என்று வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். கடைசியில் நிற்பது 'எம்ப்ளாயீ'யா 'எம்ப்ளாயர்' ஆ என்று விரல் வைத்துப் பாருங்கள்.

"பத்தி முடியறதுக்குள்ள டிக்ஷனரிய பத்து தடவ தொறக்குறேன்"

பாடம் உங்கள் தரத்துக்கு மேலே இருக்கிறது. 100 சொல் எண்ணி, தெரியாதவற்றைக் கணக்கெடுங்கள். இரண்டு வரை இருந்தால் சரளமாகப் படிக்கலாம். ஐந்து வரை என்றால் உதவியோடு படிக்கும் பயிற்சிக்குச் சரி. அதைத் தாண்டினால் அந்தப் பாடத்தை மூடிவிட்டு எளியதை எடுங்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தொடங்கச் சொல்வது நம் ஊரின் பழைய கெட்ட பழக்கம், நாளிதழில் கடினமான பகுதியே அதுதான். மாவட்டச் செய்தியில் தொடங்குங்கள். சம்பவம் முன்பே தெரியும், ஊர்ப் பெயரும் தெரியும், சூழலே பாதிப் பொருளைச் சொல்லிவிடும்.

ஒரு சொல்லை முதல்முறை பார்த்தால் அடிக்கோடு மட்டும் போடுங்கள். அதே கட்டுரையில் இரண்டாம் முறை வந்தால் அப்போது டிக்ஷனரி. திரும்ப வராத சொல் தெரியாவிட்டாலும் பெரும்பாலும் நட்டமில்லை.

"பரீட்சையில நேரம் பத்தல, விடையும் தப்பாகுது"

ஐஎல்ட்ஸ் அகடமிக் வாசிப்புத் தாளில் 60 நிமிடம், மூன்று கட்டுரைகள், 40 கேள்விகள். விடையை எடுத்தெழுதத் தனி நேரம் கிடையாது. மூன்றாவது கட்டுரைதான் வழக்கமாகக் கடினம், ஆகவே 17, 20, 23 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். கட்டுரையை வரிவரியாகப் படித்து முடித்துவிட்டுக் கேள்விக்கு வந்தால் நேரம் போதாது. தலைப்பையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் போங்கள். பெயர், ஆண்டு, எண் இவற்றைக் கண்ணால் தேடிப் பிடித்து அந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மதிப்பெண் அதிகம் கரையும் இடம் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்'. தமிழ்நாடு அரசு 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது என்று மட்டும் பத்தி சொல்கிறது என்று வையுங்கள். 'அது மன்னார் வளைகுடாவில் உள்ளது' என்ற கூற்று ஃபால்ஸ், பத்தி நேராக மறுக்கிறது. 'அறிவிப்புக்குப் பிறகு கடற்பசுக்கள் பெருகின' என்ற கூற்று நாட் கிவன். ஆவுளியா என்று நம் ஊரில் சொல்லும் கடற்பசுவை வலையில் பார்த்து வளர்ந்த கரையோரப் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள். தெரிந்த விஷயம் என்பதால் சொந்த அறிவிலிருந்து ட்ரூ போட்டுவிடுவார்கள். ட்ரூ என்றோ ஃபால்ஸ் என்றோ எழுதும் முன் அதற்கு ஆதாரமான வரியில் விரலை வையுங்கள். வைக்க வரி இல்லை என்றால் விடை நாட் கிவன்.

கேட்கும் தாளில் நான்கு பகுதிகள், 40 கேள்விகள், பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். ஒரு விடை தப்பிவிட்டால் அதைத் துரத்தாதீர்கள், அடுத்த இரண்டும் சேர்ந்து போய்விடும். முதலில் ஒரு விலை சொல்லி, 'ஸாரி, நோ' என்று மாற்றிச் சொல்வது பழைய பொறி. விடை காதில் விழுந்ததும் எழுதுங்கள், ஆனால் அடுத்த வாக்கியம் முடியும்வரை அதில் ஒரு கண் இருக்கட்டும். எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை. இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும் இடத்தில் மூன்று எழுதினாலும் இல்லை. காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் விடைத்தாளுக்கு மாற்றப் பத்து நிமிடம் தருவார்கள், கணினித் தேர்வில் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான். கணினியில் எழுதப் போகிறவர்கள் மாதிரித் தேர்வையும் கணினியில் தட்டச்சு செய்தே எழுதிப் பழக வேண்டும். செல்போனில் எழுதிப் பழகினால் தானியங்கித் திருத்தம் எழுத்துப்பிழையை மறைத்துவிடும்.